நகர வாழ்வில் பன்மையும் சமத்துவமும்

கல்லூரி விழா மலர்களிலே பழைய மாணவர் எழுதும் கட்டுரைகள் பெரும்பாலும் கடந்த நாட்களை மீட்டுரைப்பனவாகவே அமைவது வழக்கம். அவ்வழக்கத்தினின்றும் சிறிது விலகி, இன்று எம்மிற் பெரும்பாலார் வாழும் இடமாகிய நகரத்தைப் பற்றிச் சில எண்ணங்களை இங்கு எடுத்துரைக்க விரும்புகின்றோம். எமது கல்லூரியிற் கற்று வெளியேறியோர் இன்று கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் மட்டுமன்றி, சிங்கப்பூர், இலண்டன், ரொறன்ரோ, சிட்னி முதலிய தூர நகரங்களிலும் வாழ்கின்றனர். கிராமத்திலே அயலவர் இன்னார் என்பதை அறியாதாரில்லை. நகரத்திலோ அடுத்த கதவினுள்ளே வாழ்பவர் பெயரையும் அறியாமல் ஆண்டுகள் பல கழிந்து விடுகின்றன. இவ்வாறு ஒருவரை ஒருவர் அறியாது கூடி வாழும் பல்வகை மக்களும் நகரத்தின் நன்மைகளை எவ்வாறு பங்கிட்டுக் கொள்கின்றனர்? அதனை ஊகத்தால் அன்றி முறையான ஆராய்ச்சியால் அறிவது எங்ஙனம்? இவ்விரு வினாக்களுமே இக்கட்டுரையின் பொருளாகும்.

நகரத்தின் பன்மை தமிழருக்குப் புதிதன்று. சிலப்பதிகாரத்தின் இந்திரவிழவூரெடுத்த காதையிலே இளங்கோவடிகள் காவிரிப்பூம்பட்டினத்தை இரு பகுதிகளாகப் பிரித்துக் காட்டுகின்றார். கடலை அடுத்த மருவூர்ப்பாக்கத்திலே யவனர், பிற தேயத்து வணிகர், நெசவாளர், கொல்லர், தச்சர், மீன் விற்போர், உப்பு விற்போர் ஆகியோர் வாழ்கின்றனர். பட்டினப்பாக்கத்திலே அரசர்க்குரிய வீதியும், பெருவணிகரின் மாடங்களும், அந்தணர் இருக்கையும் அமைந்துள்ளன. இரண்டுக்கும் நடுவே நாளங்காடி என்னும் பகற்சந்தை உண்டு. பகல் முழுவதும் சந்தையிற் கலந்து நிற்கும் மக்கள், பொழுது சாய்ந்ததும் தத்தம் பாக்கத்துக்குத் திரும்பி விடுகின்றனர். அங்காடியிலே கலத்தலும் குடியிருப்பிலே பிரிதலும் பழம் பட்டினங்களின் இயல்பு மாத்திரமன்று. இன்றைய மாநகரங்கள் பலவற்றின் இயல்பும் அதுவேயாம்.

இவ்விடத்து இரு சொற்களை வேறுபடுத்திக் கொள்ளுதல் அவசியம். பன்மை என்பது ஓர் இடத்திலே எத்தனை வகையான மக்கள் வாழ்கின்றனர் என்பதைக் குறிப்பது. சமத்துவம் என்பது அம்மக்களுக்குக் கிடைக்கும் கூலி, வீடு, நீர், கல்வி, காப்பு, மதிப்பு ஆகியன ஒத்திருக்கின்றனவா என்பதைக் குறிப்பது. முன்னையது இருந்தால் பின்னையதும் இருக்கும் என்று எண்ணுவது பெரும் பிழை. பதினெட்டு மொழிகள் பேசப்படும் தெருவொன்றிலே பதினெட்டு மொழியினரும் ஒருங்கே வறியராயிருத்தல் கூடும். ஒரே மொழியும் ஒரே சமயமும் உடைய ஊரிலே ஒரு சாரார் மற்றொரு சாராரின் கிணற்றைத் தீண்டக்கூடாதிருத்தலும் கூடும். ஆதலின் நகரத்தை ஆராயப் புகுவோன் மூன்று வினாக்களைத் தனித்தனியே கேட்டல் வேண்டும். யாவர் வாழ்கின்றனர்? எங்கே வாழ்கின்றனர்? வாழ்வதனால் அவர் பெறுவது யாது? இவற்றை ஒன்றோடொன்று குழப்பாதிருத்தலே இவ்வாராய்ச்சியின் முதற் பாடமாகும்.

மூன்றாம் வினாவை ஒரு மாநகரம் முழுவதும் சென்று கேட்டவர்களுள் முன்னோடி சார்ள்ஸ் பூத் என்பவர். இவர் கப்பற் கம்பனி நடத்திய வணிகர், பல்கலைக்கழகப் பேராசிரியரல்லர். 1886ஆம் ஆண்டிலே இலண்டனிற் தமது ஆராய்ச்சியைத் தொடங்கினார். அது 1903இல் பதினேழு நூற்றொகுதிகளாக நிறைவெய்திற்று. பிள்ளைகள் பாடசாலைக்குச் செல்கின்றனரா என்று வீடுதோறும் சென்று விசாரித்த பாடசாலைச் சபை உத்தியோகத்தரே இவருக்குப் பெருந்துணையாயினர். பிள்ளையுள்ள ஒவ்வொரு வீட்டின் நிலையும் அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அச்செய்திகளைக் கொண்டு பூத் இலண்டன் வரைபடத்திலே தெருத்தெருவாக வர்ணம் தீட்டினார். செல்வர் தெரு மஞ்சள். நடுத்தரத்தார் தெரு சிவப்பு. வறியோர் தெரு நீலம். அனைத்தினும் கீழ்ப்பட்டது கறுப்பு. இலண்டன் மக்களுள் நூற்றுக்கு முப்பதின்மருக்கு மேற்பட்டோர் வறுமையில் உழல்கின்றனர் என்பது அவர் கண்ட முடிபு. உலகிலே மிகுந்த செல்வமுடையதெனக் கருதப்பட்ட நகரத்துக்கு இச்செய்தி பேரதிர்ச்சியாயிற்று. முதியோருக்கு உதவிப்பணம் அளித்தல் வேண்டும் என்று பூத் விடாது வாதித்து வந்தார். 1908இல் அதற்குரிய சட்டம் பிரித்தானியாவிலே நிறைவேறியது.

ஆயினும் பூத் வரைந்த படத்திலே ஒரு குறையும் உண்டு. கறுப்பு வர்ணம் பெற்ற தெருக்களின் மக்களை அவர் வறியர் என்று மட்டும் கூறியமையவில்லை. தீயொழுக்கமுடையோர், பாதிக் குற்றவாளிகள் என்றும் குறித்தார். வருவாயை அளக்கச் சென்ற கோலினாலே ஒழுக்கத்தையும் அளந்து விட்டார் எனலாம். ஆராய்வோனுடைய முற்கோள் எவ்வளவு எளிதாக எண்ணிக்கையின் உள்ளே புகுந்து விடுகின்றது என்பதற்கு இஃது ஒரு சான்றாகும்.

இலண்டனுக்கு அடுத்தபடியாகச் சிக்காகோ நகரைக் காண்போம். அந்நகரின் வறிய பகுதியொன்றிலே ஜேன் அடம்ஸ், எலன் கேற்ஸ் ஸ்ரார் என்னும் இரு பெண்மணிகள் 1889ஆம் ஆண்டில் ஹல் மாளிகை என்னும் சமூக நிலையத்தை நிறுவி, அங்கேயே குடியிருந்து பணியாற்றினர். அவர்களோடு இணைந்த புளோரன்ஸ் கெலி முதலியோர் அயல் வீடுகளுக்குச் சென்று திரட்டிய செய்திகள் 1895இல் நூலாக வெளிவந்தன. அந்நூலின் சிறப்பு யாதெனில், ஒரே தெருக்களுக்கு இரண்டு வரைபடங்கள் அதில் இணைக்கப்பட்டிருந்தமையாகும். ஒன்று ஒவ்வொரு வீட்டினரும் எந்நாட்டினர் என்பதை வர்ணத்தாற் காட்டிற்று. மற்றொன்று வாரந்தோறும் அவர் பெற்ற கூலியைக் காட்டிற்று. ஒரு சதுர மைலின் மூன்றிலொரு பங்கு நிலத்திலே பதினெட்டு நாட்டினர் வாழ்ந்தமை தெரிய வந்தது.

இவ்விரண்டு வரைபட முறையை எமது மாணவர் மனத்திற் பதித்துக்கொள்ளுதல் நன்று. பன்மையைக் காட்டும் படத்தை மட்டும் பார்ப்பவன் அதன் அழகில் மயங்குவான். கூலியைக் காட்டும் படத்தை மட்டும் பார்ப்பவன் அவ்வறுமை எவருடையது என்பதை அறியான். ஒன்றன்மேல் ஒன்றை வைத்து நோக்கும்போதே, இன்ன மக்களுக்கு இன்ன கூலி என்னும் தொடர்பு புலனாகும். அத்தொடர்பு புலனான பின்னரே அதற்குக் காரணம் என்னவென்னும் வினா எழும்.

அவ்வினாவுக்கு விடை தேடியவர் டபிள்யூ. ஈ. பி. டு பொய்ஸ். ஹாவாட் பல்கலைக்கழகத்திற் கலாநிதிப் பட்டம் பெற்ற முதலாவது கறுப்பின அமெரிக்கர் இவரே. 1896ஆம் ஆண்டிலே பென்சில்வேனியாப் பல்கலைக்கழகம் பிலடெல்பியா நகரின் ஏழாம் வட்டாரத்துக் கறுப்பின மக்களை ஆராயும்படி இவரைப் பணித்தது. ஆயினும் விரிவுரையாளர் பதவி அளித்திலது. டு பொய்ஸ் தம் மனைவியோடு அவ்வட்டாரத்திலேயே குடியேறி, ஏறத்தாழ 2,500 குடும்பங்களின் வாயில்களுக்குத் தாமே சென்று விசாரித்தார். 1899இல் வெளிவந்த அவருடைய நூல் இன்றும் சமூகவியல் மாணவராற் போற்றிக் கற்கப்படுகின்றது.

அம்மக்களின் குறைபாடுகளுக்கு அவர்களே காரணம் என்பதே அந்நாளில் நகரத்துப் பெரியோர் பலரின் எண்ணம். டு பொய்ஸ் கண்டதோ வேறு. தொழிலறிந்த கறுப்பினத்தவரைத் தொழிற்சாலைகள் ஏற்கவில்லை, தொழிற்சங்கங்களும் சேர்க்கவில்லை. கல்வி கற்றோரும் ஏவலாளராகவே பிழைக்க நேர்ந்தது. தாழ்ந்த வீட்டுக்கு உயர்ந்த வாடகை கொடுக்க வேண்டியவராயும் அவர் இருந்தனர். காரணம் மக்களின் இயல்பிலன்று, அவர்களுக்குத் திறக்கப்படாத கதவுகளிலேயே இருந்தது. இன்னுமொன்று: புறத்தார் கண்ணுக்கு ஒரே கூட்டமாகத் தோன்றிய அம்மக்களுள்ளும் செல்வர், உழைப்பாளர், வறியர், கைவிடப்பட்டோர் எனப் பல படிகள் உண்டு என்பதை அவர் பிரித்துக் காட்டினார். ஒரு சமூகத்தை ஒரு பெயராற் சுட்டியவுடன் அதனை அறிந்து விட்டதாக எண்ணுதல் தவறு என்பதற்கு இதனிலும் சிறந்த பாடம் வேண்டுவதில்லை.

மக்கள் எங்கே வாழ்கின்றனர் என்னும் இரண்டாம் வினாவுக்கு எண்ணால் விடை கூறும் முறையொன்றும் உண்டு. ஒற்றிஸ் டன்கன், பெவெலி டன்கன் என்னும் ஆராய்ச்சியாளர் 1955ஆம் ஆண்டில் விளக்கிய 'வேறுபாட்டுச் சுட்டி' பெரிதும் வழங்குகின்றது. பெயர் கடினமாயினும் கணக்கு எளிது. இரண்டு வட்டாரங்கள் மட்டும் உள்ள நகரமொன்றைக் கற்பனை செய்வோம். அங்கே சிறுபான்மையினர் 100 பேர்; பெரும்பான்மையினர் 400 பேர். சிறுபான்மையினருள் 80 பேர் முதலாம் வட்டாரத்திலும் 20 பேர் இரண்டாம் வட்டாரத்திலும் வாழ்கின்றனர். பெரும்பான்மையினருள் 100 பேர் முதலாவதிலும் 300 பேர் இரண்டாவதிலும் வாழ்கின்றனர். முன்னவரில் நூற்றுக்கு 80 பேரும் பின்னவரில் நூற்றுக்கு 25 பேரும் முதலாம் வட்டாரத்திலிருக்க, வேறுபாடு 55 ஆகின்றது. இரண்டாம் வட்டாரத்திலும் அவ்வேறுபாடு 55 ஆகும். இரண்டையும் கூட்டி அரைவாசியாக்க வருவது 55. இதன் பொருள், சிறுபான்மையினருள் 55 பேர் இடம்பெயர்ந்தாலன்றி இரு சாராரும் ஒத்த விகிதத்திற் பரந்திரார் என்பதாம். சுட்டி 0 ஆயின் முழுக் கலப்பு. 100 ஆயின் முழுப் பிரிவு. உயர்தர வகுப்பு மாணவன் ஒருவன் குடிசன மதிப்பு அறிக்கையைக் கையிற்கொண்டு ஒரு மாலைப் பொழுதிலே செய்துவிடக்கூடிய கணக்கு இது. எனினும் ஒருவர் தாமே விரும்பி ஓரிடத்திற் கூடி வாழ்கின்றனரா, வேறிடம் மறுக்கப்பட்டமையால் அங்கே ஒதுங்கினரா என்பதை இவ்வெண் கூறாது. அதனை அறிய வாயிற்கதவைத் தட்டியே ஆகவேண்டும்.

பிரிந்து வாழ்வதைச் சட்டத்தாலே தடுக்க முயன்ற நகரம் சிங்கப்பூர். அங்கு மக்களுள் மிகப் பெரும்பான்மையோர் அரசினர் வீடமைப்புச் சபை கட்டிய மாடி வீடுகளில் வாழ்கின்றனர். 1989ஆம் ஆண்டு முதல் ஒவ்வொரு மாடித் தொகுதியிலும் ஒவ்வோர் அயலிலும் சீனர், மலாயர், இந்தியர் உள்ளிட்ட ஏனையோர் ஆகியோருக்கு உச்ச விகிதம் விதிக்கப்பட்டுள்ளது. இதனால் ஒரே படிக்கட்டிலே பல இனத்தவரும் ஏறி இறங்குகின்றனர். ஒரே பாடசாலையிலே பிள்ளைகள் கற்கின்றனர். இந்நன்மையை மறுப்பதற்கில்லை. ஆயின் ஒரு தொகுதியிலே சீனருக்குரிய விகிதம் நிரம்பிய பின்னர், அங்குள்ள தமிழர் ஒருவர் தம் வீட்டைச் சீனருக்கு விற்றல் இயலாது. வாங்குவோர் தொகை குறையவே விலையும் குறைகின்றது. கலந்து வாழ்வதன் பயன் யாவர்க்கும் பொதுவாக, அதற்குரிய விலையிற் பெரும்பங்கு சிறுபான்மையினர் தோளில் விழுகின்றது. இதனை உணர்ந்தே 2022ஆம் ஆண்டில், விற்கவியலாது இடர்ப்படுவோரின் வீடுகளைச் சில நிபந்தனைகளோடு சபையே திரும்ப வாங்கும் ஏற்பாடு செய்யப்பட்டது. பன்மையை வளர்க்கும் ஏற்பாடும் சமத்துவக் கோலினால் அளக்கப்படல் வேண்டும் என்பது இதனாற் பெறப்படும்.

இனி எமது நாட்டுக்கு வருவோம். 2001ஆம் ஆண்டின் குடிசன மதிப்பின்படி கொழும்பு மாநகரிலே எந்தச் சமூகமும் மக்கட்டொகையிற் பாதியை எட்டவில்லை. சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள், பறங்கியர், மலாயர் யாவரும் அந்நகரின் மக்களாவர். செட்டியார் தெருவிலிருந்து ஆடிவேல் புறப்படுகையிலே வீதியோரம் நிற்பவர் சைவர் மட்டுமல்லர். கொச்சிக்கடை அந்தோனியார் கோவிலிலே மெழுகுதிரி ஏற்றுவோரும் கத்தோலிக்கர் மட்டுமல்லர். முதலாவது வரைபடம் இவ்வாறு பல வர்ணங்களாற் பொலிய, இரண்டாவது வரைபடம் வேறு கதை சொல்லும். கறுவாத்தோட்டத்து அகன்ற வீதிகளையும் கொட்டாஞ்சேனை, மட்டக்குளி, கொம்பனித்தெருப் பகுதிகளின் தோட்டங்களையும் ஒரே நாளில் நடந்து பார்த்தவர்க்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை. மூவின மக்களும் மெய்யாகவே அருகருகே வாழ்வது பெரும்பாலும் அத்தோட்டங்களின் ஒடுங்கிய ஒழுங்கைகளிலேயாம்.

கொழும்பு எமக்குக் கற்பித்த கொடிய பாடமொன்றும் உண்டு. 1983ஆம் ஆண்டு ஆடி மாதத்திலே தமிழர் வீடுகளையும் கடைகளையும் எரிக்க வந்த கும்பல்களிற் சில, வாக்காளர் இடாப்புக்களைக் கையில் ஏந்தி வந்தன. யாவர் எங்கே வாழ்கின்றனர் என்னும் அறிவு அன்று கொலைக்கருவியாயிற்று. அமெரிக்காவிலும் 1930ஆம் ஆண்டுகளிலே அரசினர் நிறுவனமொன்று இருநூறுக்கு மேற்பட்ட நகரங்களின் வரைபடங்களிலே கறுப்பின மக்களும் குடியேறியோரும் வாழ்ந்த பகுதிகள் பலவற்றைச் சிவப்பு வர்ணத்தாற் குறித்தது. அத்தகைய பகுதிகளுக்கு வீட்டுக்கடன் மறுக்கும் வழக்கத்துக்கு அவ்வரைபடங்கள் அடையாளமாயின. 1968ஆம் ஆண்டிலேயே வீடமைப்பில் இனப் பாகுபாடு அங்கு சட்டத்தால் விலக்கப்பட்டது. பூத் தீட்டிய வர்ணம் உதவிப்பணத்துக்கு வழிசெய்தது. இவ்வர்ணமோ கதவை அடைத்தது. கருவி ஒன்றே, அதனைப் பிடிக்கும் கையே வேறு. ஆதலின் நகரத்தை ஆராய்வோர் தனியொருவரின் பெயரும் முகவரியும் தமது ஏட்டிலிருந்து வெளியே செல்லாதவாறு காத்தல் வேண்டும். இது வெறும் மரியாதையன்று, உயிர்க்காப்பு.

யாழ்ப்பாணத்தைப் பற்றியும் கூறாது விடின் இக்கட்டுரை நேர்மையுடையதாகாது. யாழ் நகரின் சோனகத் தெருவிலும் அதன் அயலிலும் முஸ்லிம் மக்கள் பல தலைமுறைகளாக வாழ்ந்து வந்தனர். 1990ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் நாளன்று, இரண்டு மணி நேரத்துள் வெளியேறுமாறு அவர்களை விடுதலைப் புலிகள் பணித்தனர். வடமாகாண முஸ்லிம்கள் யாவருக்கும் அதே மாதத்தில் அதே கதி நேர்ந்தது. போர் முடிந்த பின்னர் ஒரு பகுதியினரே திரும்பினர். 1983இல் எமக்கு இழைக்கப்பட்டதை உலகுக்கு எடுத்துரைத்த நாம், 1990இல் எமது அயலவருக்கு இழைக்கப்பட்டதை அதே குரலில் எடுத்துரைத்தோமா என்று ஒவ்வொருவரும் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ளல் தகும்.

அன்றியும், ஒருமொழி பேசுவோர் வாழும் ஊராதலின் சமத்துவமும் அங்கு உண்டு என்று கூறுவதற்கில்லை. எமது குடாநாட்டுப் பாடசாலைகள் பலவற்றிலே ஒரு காலத்திற் சில பிள்ளைகளுக்கு வாங்கு மறுக்கப்பட்டது. அவர்கள் தரையில் அமர்ந்து கற்றனர். 1920ஆம் ஆண்டுகளின் இறுதியிலே சம ஆசனம் வழங்கப்பட வேண்டும் என்ற ஏற்பாடு வந்தபோது அதனை எதிர்த்தோர் கற்றறிந்தோரிடையேயும் இருந்தனர். 1957ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் சாதி காரணமாகப் பொது இடங்களில் அனுமதி மறுத்தலைக் குற்றமாக்கிற்று. ஆயினும் பதினோராண்டுகளுக்குப் பின்னர், 1968இல், மாவிட்டபுரம் கந்தசுவாமி கோவில் வாயிலிலே உள்நுழையும் உரிமைக்காக மக்கள் போராட வேண்டியதாயிற்று. சட்டம் எழுதப்படும் நாளும் கதவு திறக்கப்படும் நாளும் ஒன்றல்ல என்பதை அது காட்டிற்று.

குடிசன மதிப்பிலே சாதி கேட்கப்படுவதில்லை. நேரிற் கேட்டாலும் 'இப்பொழுது அதெல்லாம் இல்லை' என்னும் விடையே பெரும்பாலும் கிடைக்கும். அவ்விடையைச் சோதிப்பதற்கு வேறு வினாக்கள் உண்டு. எந்த ஒழுங்கைக்குத் தார் இடப்பட்டுள்ளது? எந்த ஒழுங்கை மாரியில் வெள்ளத்தில் நிற்கின்றது? காணி உறுதி யார் பெயரில் உள்ளது? வீடு வாடகைக்குக் கேட்டு வருவோரிடம் முதலிற் கேட்கப்படுவது யாது? கோவிற் பரிபாலன சபையிலே எந்தக் குறிச்சியினர் இல்லை? போர் முடிந்து பல்லாண்டுகள் சென்ற பின்னரும் நலன்புரி நிலையங்களில் எஞ்சியிருந்தோருட் கணிசமானோர் காணியற்ற, ஒடுக்கப்பட்ட சாதியினர் என்பதை ஆராய்ச்சியாளர் இத்தகைய வினாக்களாலேயே வெளிப்படுத்தினர். திரும்பிச் செல்வதற்கு நிலமில்லாதவருக்கு மீள்குடியேற்றம் என்னும் சொல்லாற் பயனில்லை.

இறுதியாக, எமது கல்லூரிக்கு ஒரு வேண்டுகோள். உயர்தர வகுப்பு மாணவர் ஆண்டுதோறும் ஒரு வீதியைத் தெரிந்து, அதற்கு ஹல் மாளிகையார் வரைந்தவாறு இரண்டு வரைபடங்கள் வரைதல் வேண்டும். ஒன்றிலே யாவர் வாழ்கின்றனர் என்பதும், மற்றொன்றிலே நீர், மலசலகூட வசதி, மின்சாரம், பாடசாலைத் தூரம், தொழில் ஆகியனவும் குறிக்கப்படலாம். வீட்டாரின் சம்மதமின்றி எதனையும் எழுதுதல் ஆகாது. பெயர்களைக் குறித்தலும் ஆகாது. கண்டதையும் கருதியதையும் வேறு வேறு பக்கங்களில் எழுதுதல் வேண்டும். வரைந்து முடித்த பின்னர் முதலில் அவ்வீதியாருக்கே அதனைக் காட்டி, பிழையிருப்பின் திருத்தும்படி கேட்டல் வேண்டும். இதற்கு ஆகும் செலவு சில தாள்களும் வர்ணப் பென்சில்களுமே. அதனை வழங்கப் பழைய மாணவர் சங்கத்தினராகிய நாம் ஆயத்தமாயிருத்தல் வேண்டும்.

முதலில் எந்த வீதியைத் தெரிவது என்று மாணவர் வினவக்கூடும். கல்லூரி வாயிலுக்கு எதிரே தொடங்கும் வீதியையே தெரியலாம். அவ்வழியே பல்லாண்டு நடந்தும், அதன் இருமருங்கும் வாழ்ந்தவர் யாவர் என்று ஒருநாளேனும் நாம் கேட்டிலோம்.